அப்பாவுக்கு எந்த ஸ்பீக்கர் தாங்கும்?

ஆரம்பாக்கம்,
செவ்வாய் இரவு

அன்பு மகள் பிரின்சிக்கு,

அம்மா எழுதுவது. இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள், அப்பா நைட் ஷிப்டுக்குப் போயிருக்கிறார், அவர் இல்லாதபோதுதான் இதை எழுத முடியும். ஆண்டவர் கிருபையில் இங்கே சுகம், டெல்லிக் குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டுமென்பதுதான் என் ஜெபமெல்லாம். வாட்ஸ்அப்பில் அனுப்பினால், எங்கள் இருவருக்கும் ஒரே ஃபோன், அவர் படித்துவிடுவார். அதனால் ஊறுகாய்ப் பார்சலில் வைக்கிறேன்.

ஐநூறு வாட் ஸ்பீக்கர் பார்த்திருக்கிறேன், அப்பாவுக்கு அனுப்பட்டுமா என்று கேட்டிருந்தாய். ஆறு மாதத்தில் இரண்டு ஸ்பீக்கர் போனது உனக்குத் தெரியும், எப்படிப் போனதென்று நான் சொல்லவில்லை. ஹாஸ்டலில் கூட இருப்பவள் தூங்குகிறாள் என்று கிசுகிசுத்து வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறாயே, அதை அப்பா ஸ்பீக்கரில் இணைத்து ஃபுல் சவுண்டில்தான் கேட்பார். நீ என்ன சாப்பிட்டாய் என்று எனக்கு முன்பே எதிர்வீட்டு சாராள் அக்காவுக்குத் தெரிந்துவிடும். "இன்னாடி ஏஞ்சலு, உம் பொண்ணு தெனமும் ராஜ்மாவே துன்னுது" என்று குழாயடியில் கேட்கிறாள். உன் மெசேஜ் முடிந்ததும் சவுண்டைக் குறைக்காமல் அப்படியே பாட்டைப் போடுவார். படாரென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கும்மிடிப்பூண்டியில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஆதிகேசவன் அண்ணனிடம் கொண்டுபோனேன். திறந்து காட்டினார், உள்ளே இருக்கும் காயில் கம்பி கருகி, பேப்பர் கிழிந்திருந்தது. "டப்பா மேல கொட்ட எழுத்துல போட்டுக்கிறத நம்பாதம்மா, ஆர்.எம்.எஸ்.னு சின்னதா போட்டுருப்பான், அது எவ்ளோனு பாரு, நிக்காம தாங்குற வாட்டு அதான் நெசம். ஓரத்துல ரப்பர் கீறதா வாங்கு, ஸ்பாஞ்சு வோணாம். பெருசா வாங்கி பாதி சவுண்டுல வெச்சா வருசக்கணக்கா ஒழைக்கும்" என்றார். சவுண்டு எல்லை மீறினால் தானே அடக்கிக்கொள்ளும் வகையும் இருக்கிறதாம், கேட்டுப் பார். எல்லாம் சொல்லிவிட்டு, ஃபுல்லுல வெக்கிறது யாரு, ஊட்ல யாருக்கனா காது மந்தமா என்று கேட்டார்.

அன்றைக்கு அப்பா சாப்பிடும்போது முதுகுக்குப் பின்னால் நின்று, இன்னும் கொஞ்சம் மீன் குழம்பு ஊற்றட்டுமா என்று மூன்று முறை கேட்டேன். மீன் குழம்புக்குத் திரும்பாத மனுஷனா அவர்? முன்னால் போய் நின்ற பிறகுதான் தட்டை நீட்டினார். பத்தொன்பது வருஷமாகக் கம்பெனியில் தகடு அடிக்கும் பிரஸ் மெஷின் பக்கத்தில் நிற்கிறவர், சத்தத்துக்காகக் காதில் மாட்டக் கொடுப்பதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு வருவார். பி.எஸ்சி. படித்தும் எனக்கு இது உறைக்கவில்லை பார். கேட்டால், "எங்காது நல்லாத்தான் கீது, ஸ்பீக்கருதான் டுபாக்கூரு" என்கிறார். கம்பெனிக்குத் தெரிந்தால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்களோ என்று அவருக்குப் பயம்.

டெல்லிக்கு வேலைக்குப் போனதற்கு அப்பாவுக்கு இன்னும் கோபமா, ரெண்டு வார்த்தையில் ஃபோனை உங்களிடம் கொடுத்துவிடுகிறாரே என்று போன வாரம் அழுதாய். கோபமில்லை கண்ணு. நீ பேசுவது அவருக்குக் கேட்கவில்லை. அதைச் சொல்ல வெட்கப்பட்டு, லைன் சரியில்லை என்று என்னிடம் நீட்டுகிறார்.

ஸ்பீக்கர் வாங்கு, வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன்னால் அவரை திருவள்ளூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய்க் காதைக் காட்ட வேண்டும். நான் கூப்பிட்டால் வரமாட்டார், நீ சொன்னால் தட்டமாட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நாங்கள் வந்ததும் கூப்பிடு. கத்தியே பேசு, கூட இருப்பவள் எழுந்தால் எழுந்துகொள்ளட்டும். நான் எழுதினேன் என்று மட்டும் சொல்லிவிடாதே.

ஈரத்தலையோடு டியூட்டிக்குப் போகாதே. ஆண்டவர் உன் கூடவே இருந்து நடத்துவார். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாயா என்று சாராள் அக்கா நம்பருக்குச் சீக்கிரம் பதில் போடு.

உன் அம்மா,
ஏஞ்சல் ஸ்டீபன்