வெடித்த பருத்தியில் ஒரு மழை

சட்டையைக் கழற்றும்போது பருத்திக்கொட்டை வாசம் அடித்தது. இன்று உன் கடைக்குப் போயிருந்தேன், நண்பா. அருப்புக்கோட்டையிலிருந்து ரெட்டியபட்டிக்கு பஸ் ஏறியே இருபது வருடம் இருக்கும். நீ இறந்ததற்குக்கூட வராதவனை உன் மகன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டீ வாங்கித் தந்தான். கடையைக் காலி செய்கிறோம், நீங்கள் வரைந்தது சுவரில் இருக்கிறது, வந்து பாருங்கள் என்று அவன்தான் போனில் கூப்பிட்டிருந்தான்.

நீ மாட்டுத்தீவனக் கடை திறந்தபோது உள்சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு பருத்திக்காடு வரைந்து கொடுத்தேனே, அதுதான். கரிசலில் காய் வெடித்து வெள்ளை வெளேரென்று செடிகள், மேலே கொட்டுகிற மழை. டவுனில் பிறந்தவனுக்கு இரண்டுமே அழகு, சேர்த்துப் போட்டுவிட்டேன். திறப்பு நாளில் வந்த, பருத்தி போடுகிற சம்சாரிகளுக்கு முகம் சுருங்கிவிட்டது. வெடித்த பருத்தி நனைந்தால் அந்த வருடப் பாடே வீண். முதலில் சுண்ணாம்பு அடித்து இதை அழி என்று உன்னிடம் சொன்னார்கள். நீ சிரித்துச் சமாளித்துவிட்டு என் பக்கம் திரும்பினாய்.

"ஏலே, நம்ம ஊருக்கு மழை வாரதே அபூர்வம். அதையும் வரக்கூடாத நேரத்துலயா கூப்பிடுவ?"

அடுத்த வாரம் வந்து பார்த்தால், படத்தை மறைத்து மூட்டை அடுக்கியிருந்தாய். சுருக்கென்றது. சொல்லாமல் திரும்பியவன்தான். இரண்டு முறை ஆள் அனுப்பினாய். நான் வீம்பு பிடித்தேன்.

இன்று மூட்டையெல்லாம் இறங்கிவிட்டது. பொங்கலுக்குப் பொங்கல் அடித்த சுண்ணாம்பு, படத்தைச் சுற்றி அரை விரல் கனத்துக்கு ஏறி நிற்கிறது. படத்தின் மேல் ஒரு சொட்டு இல்லை.

"அப்பா இந்தச் சுவருக்கு மட்டும் ஆள விடமாட்டாக, சித்தப்பா. மூட்டைய எறக்கிட்டு, ஓரத்துல அவுகளே பாத்துப் பாத்து அடிப்பாக" என்றான் உன் மகன்.

கிட்டே போய்ப் பார்த்தேன். செடியெல்லாம் சுமார்தான். மழை நன்றாக இருந்தது. அந்த அவமானத்துக்குப் பிறகு எதை வரைந்தாலும் நாலு பேரிடம் கேட்டுத்தான் வரைகிறேன். யாரும் குறை சொன்னதில்லை. அப்படி ஒரு மழையும் என் கையிலிருந்து விழவில்லை. அந்த மழையின் அருமை உனக்கு அன்றே தெரிந்துதான், அழிக்காமல் மறைத்து வைத்திருக்கிறாய்.

என் படத்துக்காக நீ வருடம் தவறாமல் மூட்டை தூக்கியிருக்கிறாய். உன்னைப் பார்க்க நான் ஒரு நாள் பஸ் ஏறவில்லை. எனக்கு மிச்சம் இருப்பது சட்டையில் ஒட்டிய இந்த வாசம்தான்.