ஒட்டுக்கு மேலே உள்ள இலை

மார்ச் 4, இரவு

அன்புள்ள குள்ளச்சிக்கு,

இவ்வளவு நேரம் கழித்து எழுத உட்கார்ந்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே. பாப்பா இப்போதுதான் கண் மூடினாள். இருமல் விடவில்லை. டாக்டர் ஒன்றுமில்லை என்கிறார். எனக்குத்தான் மூச்சு வருகிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. போனில் பேசினால் போன தடவை மாதிரி சண்டையில் முடியும். அதனால்தான் கடிதம்.

அம்மா வாயைத் திறந்தால் உன் புராணம். ஆய்வகத்தில் சின்னவள் இப்படியாம், இயக்குநர் சின்னவளை அப்படிப் புகழ்ந்தாராம். அது யாருடைய நாற்காலி என்பதே அம்மாவுக்கு மறந்துவிட்டது. பிரசவத்துக்குப் போகும்போது “கொஞ்ச நாள் பார்த்துக்கோடி” என்றுதானே கொடுத்தேன்? வயிறு எரியவில்லை என்று சொன்னால் பொய்.

என் மரம் எப்படி இருக்கிறது? வாடல் நோயில் தோப்பே கருகியபோது ஒற்றையாய்ப் பச்சையாக நின்றதே, அது. அதன் குச்சிகளை நாற்றங்காலில் சாதாரணக் கன்றுகள்மேல் ஒட்டுக் கட்டி வைத்துவிட்டு வந்தேன். மரபணு வரிசை பார்த்துவிட்டாயா? நோயைத் தாங்கும் எதுவோ அதற்குள் இருக்கிறது, சத்தியமாக.

உன் அக்கா

மார்ச் 13

அக்காவுக்கு,

பாப்பாவுக்கு முத்தம். இருமினா இருமிட்டுப் போறா, நீ தூங்கு.

உன் மரத்தோட வரிசை வந்திடுச்சு. செத்த மரங்களோட வரிசையையும் பக்கத்துல வச்சுப் பார்த்தோம். ஒரு வித்தியாசமும் இல்லக்கா. ஏதோ நல்ல நேரம், தப்பிச்சு நிக்குது, அவ்வளவுதான். “உங்க அக்கா இதைத்தான் கட்டிக்கிட்டு அழுதாங்களா”ன்னு நாற்றங்கால்காரர் கேட்டார். நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டார் என்கிட்ட.

பெரிய மரத்துல ஏற ஆள் கிடைக்கல. அதனால உன் ஒட்டுக் கன்றுகள்லதான் இலை எடுத்தேன். இளந்தளிரா எடுக்கணும்னு நீ சொன்ன மாதிரியே. கிள்ளறப்போ எடுத்த போட்டோவும் இதோட வச்சிருக்கேன், பாரு. உன் வெள்ளைக் கோட்டு எனக்கு முட்டி வரைக்கும் தொங்குது, சிரிக்காத.

28ஆம் தேதி கூட்டத்துல இதை வாசிக்கறேன். அதுக்கப்புறம் தோப்பை மொத்தமா வெட்டிட்டுப் புதுசா நடப்போறாங்களாம். மனசைத் தேத்திக்கோ.

உன் குள்ளச்சி

மார்ச் 19, இரவு

குள்ளச்சி,

போட்டோ வந்த அன்றே கவிழ்த்து வைத்துவிட்டேன். என் கோட்டை உன்மேல் பார்க்கச் சகிக்கவில்லை. இன்றுதான் எடுத்து ஒழுங்காகப் பார்த்தேன். உன் விரல் எந்தத் தளிரைக் கிள்ளுகிறது என்று நீயும் பார். ஒட்டுக் கட்டிய நாடாவுக்கு ஒரு சாண் கீழே. அங்கே துளிர்ப்பது என் மரம் இல்லையடி, அடியில் இருக்கிற சாதாரணக் கன்று. நான் இருந்தவரை வாராவாரம் அதைக் கிள்ளி எறிந்துவிடுவேன். இப்போது யாரும் கிள்ளுவதில்லை போலிருக்கிறது. நீ எடுத்தது நோயில் சாகிற அதே ரகத்தின் இலை. வித்தியாசம் எங்கிருந்து தெரியும்?

இது புரிந்ததும் முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. நீ கூட்டத்தில் வாசிக்க, யாராவது எழுந்து கேட்க, நீ முழிக்க, “பெரியவள் இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்குமா” என்று அம்மா சொல்வது வரைக்கும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் யாரும் எழுந்து கேட்காமல் போனால் மரத்தைச் சாய்த்துவிடுவார்கள். நான் சொல்லி நீ திருத்தினாலோ, கண்டுபிடித்த பெருமை உனக்கு. எப்படிப் பார்த்தாலும் எரிகிறது.

கூட்டத்தில் அதை வாசிக்காதே. நாளைக்கே இயக்குநரிடம் நடந்ததைச் சொல்லி மரத்தை வெட்டாமல் நிறுத்து. ஒட்டுக்கு மேலே உள்ள இலையை எடுத்து மறுபடி வரிசை பார். அப்போதும் ஒன்றுமில்லை என்று வந்தால் நான் வாயைத் திறக்க மாட்டேன். இருந்தால், அறிக்கையில் உன் பெயருக்கு முன்னால் என் பெயர் வர வேண்டும். அடியில் “அக்காவுக்கு நன்றி” என்று போடுகிற வேலையெல்லாம் வேண்டாம். தங்கையிடம் இதைக் கேட்பது எனக்கே கூச்சமாக இருக்கிறது. கேட்காமல் மனசில் வைத்துக்கொண்டால் உன்னோடு பேசுவதையே விட்டுவிடுவேனோ என்று பயமாகவும் இருக்கிறது.

முடியும் என்றாலும் முடியாது என்றாலும் சீக்கிரம் பதில் எழுது.

அக்கா