பிணைப்பிள்ளையின் குளியல் நீர்

கல்வரை மலைமேல் மேகம் தங்குக. புன்னைத்துறைக் கரையில் அலை அடங்கி வீசுக. இரு நாட்டுப் பிள்ளைகளும் நோயின்றி வளர்க.

கல்வரைநாடுடைய வேந்தர் கட்டியரையரின் பட்டத்தரசியும், அந்தப்புரத்துக்கும் அதில் வளரும் பிள்ளைகள் அனைவருக்கும் காவல் பூண்டவளுமான கொன்றைநங்கைத் தேவி, கடலளவு புகழும் கரையளவு பொறுமையும் உடைய புன்னைத்துறை அரசி ஞாழற்செல்வியாருக்கு விடுக்கும் ஓலை. ஆணை ஓலையில் ஆள்வோர் தம்மைப் பெயராலேயே குறிப்பது கல்வரை வழக்கமாதலின், தேவியும் தன்னை அவ்வாறே எழுதுகிறாள். வழக்கமாக எழுதித்தரும் ஓலைநாயகத்தை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுத் தன் கையாலேயே எழுதுகிறாள். எழுத்து கோணியிருந்தால் பொறுத்தருள்க.

இவ்வோலையில் எழுதப்பட வேண்டியது ஒரே ஒரு வரி. தங்கள் மகன் சேந்தன் பிறந்த அன்று தங்கள் முற்றத்தில் நட்ட புன்னையை வேரோடு வெட்டுக என்பதே அது. பிறந்தநாள் மரம் நிற்கும் வரை பிள்ளை பெற்ற வீட்டுக்கு உரியவன் என்பதும், மரம் வீழ்ந்தால் வளர்த்த வீட்டுக்கு உரியவன் என்பதும் தங்கள் நாட்டு முறை. அந்த வரியின் கீழே தேவியின் முத்திரை விழுந்தால் சேந்தன் அவளுக்கு மகனாவான். அவளுக்கு வேறு வழியில் மகன் வரப்போவதில்லை என்று மருத்துவர்கள் சொல்லி ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே அந்த வரிக்கு முன்பு, அது ஏன் எழுதப்பட வந்தது என்பதைத் தாங்கள் அறிய வேண்டும் என்று தேவி கருதுகிறாள்.

உடன்படிக்கைப்படி சேந்தன் பிணையாக வந்தது, கல்வரை வென்று போர் முடிந்த கார்காலத்தில். எல்லையில் பல்லக்கு மாறியது. உடன் வந்த செவிலி அங்கேயே திருப்பி அனுப்பப்பட்டாள். கல்வரையில் பிணைப்பிள்ளைக்கு உணவிலும் உடையிலும் கல்வியிலும் குறை வைப்பதில்லை. ஆனால் அவனை யாரும் மடியில் வைப்பதில்லை. மடியில் வைத்தால் பாசம் வரும், பாசம் வந்தால் பிணை பிணையாக இருக்காது என்று முன்னோர் நினைத்தார்கள். அவர்கள் தவறாக நினைக்கவில்லை.

தேவியின் மாளிகையில் அறைகள் பல உண்டு. மன்னர் ஆண்டின் பெரும்பகுதியை எல்லைக் கோட்டைகளில் கழிப்பவர். பேச ஆளில்லாத வீட்டில் விளக்கைக்கூட மெதுவாகவே வைப்பார்கள். வைக்கும் ஓசை கேட்டுவிடும். அப்படிப்பட்ட வீட்டில் அக்கார்காலம் முதல் நாள்தோறும் காலையில் ஒரு பிள்ளை அலறியது.

குளிக்கும்போதுதான் அலறினான். நீராட்டறையின் நடுவே வழுவழுப்பான கல் ஒன்று உண்டு. எண்ணெய் தேய்த்த பிள்ளையை அதன்மேல் நிற்கவைத்து, நீராட்டுப்பெண்கள் எட்ட நின்று குடத்தால் நீர் ஊற்றுவார்கள். பிறகு கல்வரை அரச பிள்ளைகளுக்கே உரிய வாசப்பொடி. அதன்பின் மறுபடி நீர். எல்லாம் கல்லின் ஓரத்தில் உள்ள சிங்கமுக மடைவாய் வழியே சலசலத்து ஓடி அகழியில் விழும். சேந்தனின் அழுகை மந்திராலோசனை மண்டபம் வரை கேட்டது. நீராட்டுப்பெண்களை மாற்றினார்கள். நீரின் சூட்டைக் குறைத்தார்கள், கூட்டினார்கள். கடற்கரையில் பிறந்தவன் தண்ணீருக்கு அஞ்சுவதா என்று அவையில் ஒருவர் கேட்க மற்றவர் சிரித்தனர். மன்னர் சிரிக்கவில்லை. அழுகை ஓயாவிட்டால் பிள்ளையை வடகோட்டைப் படைவீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றார்.

கடைசியாக அமர்த்தப்பட்டவள் பூதி என்பவள். கை சுத்தம், வாய் அடங்காது. அவள் தேவியிடம் வந்து, "தேவி, பட்டத்து யானையை நான் ஒருத்தியே குளிப்பாட்டிருவேன். இந்த ஒரு முழப் பிள்ளை என்னால ஆகல. நீங்களே வந்து பாருங்க. அது தண்ணிய ஊத்தறப்ப அழுவல. ஊத்தி முடிச்சப்புறம்தான் அழுவுது" என்றாள்.

தேவி அன்றுதான் நீராட்டறைக்குள் முதன்முறையாகப் போனாள். பூதி சொன்னது மெய். நீர் தலையில் விழும்போது சேந்தன் கண்ணை மூடிக்கொண்டு சும்மா நின்றான். நீர் மடைவாயை நோக்கி ஓடத் தொடங்கியதும் அலறினான். ஓடிப்போய்க் குதிகாலால் மடைவாயை அடைத்தான். எண்ணெய்க் கால் கல்லில் வழுக்கியது. மடையில் தேங்கிய நீரில் அவன் முகம் குப்புற விழுந்தது. பூதி ஒரே தாவலில் கையைப் பற்றித் தூக்கினாள்.

"அடப் பாவிப் பயலே, என் உசிரையே உருவிட்டியே!" என்றவள், தேவி நிற்பது நினைவுக்கு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

தேவி ஈரக்கல்லில் அமர்ந்தாள். காலை நீட்டினாள். பிள்ளையை வாங்கிக் கணுக்கால்மேல் தலை இருக்கும்படி கால்களின்மீது கிடத்தினாள். இதை யாரும் அவளுக்குக் கற்றுத்தந்ததில்லை. ஊரில் பெண்கள் குளிப்பாட்டுவதைப் பல்லக்குத் திரையின் இடுக்கில் பார்த்திருக்கிறாள்.

"காலை நீட்டிட்டீங்க தேவி" என்றாள் பூதி மெதுவாக. "மன்னர் கேட்டா, எனக்குக் கண்ணு அவ்வளவா தெரியாதுன்னு சொல்லிடறேன்."

தேவி ஒரு துணியைச் சுருட்டி மடைவாயை அடைக்கச் சொன்னாள். நீர் நின்றது. அழுகையும் நின்றது. அந்த அரண்மனையில் சேந்தன் பேசிய முதல் சொற்களை அப்போதுதான் கேட்டார்கள்.

"இது அதுக்கு."

"எதுக்குப்பா?" என்றாள் தேவி.

"என் மரத்துக்கு. நான்தான் ஊத்துவேன்."

அவன் கதவைப் பார்த்தான். கதவுக்கு அப்பால் கல்வரையின் பாறைகள்தான் இருந்தன. "கடலாண்ட மண்ணு உப்பு, தேவி. நல்ல தண்ணிய ஒரு சொட்டு விடமாட்டாங்க. பிள்ளை குளிச்ச தண்ணி பிள்ளை மரத்துக்குன்னு வச்சிருப்பாங்கபோல" என்றாள் பூதி. தங்கள் மகன் தண்ணீருக்கு அஞ்சவில்லை, செல்வியாரே. தன் மரத்துக்கு உரிய நீரை நாங்கள் நாள்தோறும் அகழியில் கொட்டுவதைப் பார்த்து அழுதிருக்கிறான்.

மறுநாள் தேவி ஒரு தொட்டியில் நந்தியாவட்டைக் கன்றை வைத்து நீராட்டறை வாசலில் நிறுத்தினாள். குளித்த நீரைச் சிறு செம்பால் மொண்டு அவனே ஊற்றினான். பாதி நீர் அவன் காலிலேயே விழுந்தது. அன்று அழவில்லை. அடுத்த நாளும் அழவில்லை. ஆனால் கன்று வாடியது. இலை ஓரங்கள் பழுத்து, தீயில் காட்டியதுபோல் கருகின. சேந்தன் அதைத் தொட்டுப் பார்த்தான். பிறகு தன் முழங்கையின் உட்புறத்தைத் தேவியிடம் காட்டினான். அங்கே தோல் சிவந்து தடித்திருந்தது.

"இதுக்கும் எரியுது" என்றான்.

தேவி வாசப்பொடியை வரவழைத்து, அதில் என்ன கலக்கிறார்கள் என்று கேட்டாள். வெண்காரமும் கர்ப்பூரமும் என்றார்கள். "நாலு தலைமுறையா அரமனைப் பிள்ளைகளுக்கு இதுதான் தேவி" என்றாள் பொடி இடிப்பவள். "நாலு தலைமுறையும் அழுதிருக்கும்" என்றாள் பூதி.

ஒருவர் சொல்லை மட்டும் நம்பி ஒரு வழக்கத்தை நிறுத்துவது முறையன்று. ஆகவே தேவி ஒரே செடியிலிருந்து இரண்டு கொம்புகளை ஒடித்து, ஒரே மண்ணில் நட்டு, ஒரே வெயிலில் வைத்தாள். ஒன்றுக்குப் பொடி கரைத்த நீர். மற்றதற்குப் பயற்றமாவு கரைத்த நீர். பிறை வளர்ந்து முழுநிலவாவதற்குள் ஒன்று கருகியது, மற்றது துளிர்த்தது. செடி தாங்காததைப் பிள்ளையின் தோல் எப்படித் தாங்கும்? அன்றோடு அந்தப்புரத்தில் வாசப்பொடி நின்றது. வாடிய கன்றின் வேரைக் கழுவி வேறு மண்ணில் வைத்தார்கள். அது பிழைத்தது.

இப்போது சேந்தன் நீராடும் முறையைத் தேவி எழுதுகிறாள். தாங்கள் அறியாதது இதில் ஒன்றுமில்லை. ஆயினும் இங்கே என்ன நடக்கிறது என்பது தங்களுக்குக் கண்ணால் கண்டதுபோல் தெரிய வேண்டும். கல்லின்மேல் முரட்டுத்துணி விரித்திருக்கிறது; கால் வழுக்காது. அண்டாவில் முதலில் தண்ணீர், அதன் பிறகே வெந்நீர். தேவி தன் முழங்கையை விட்டுப் பார்ப்பாள். நெற்றியில் ஒரு கையை மறைப்பாக வைத்துப் பின்பக்கமாகத்தான் ஊற்றுவாள். தேய்க்கப் பயற்றமாவும் உலர்ந்த ஆவாரம்பூவும். நீராட்டறையில் அவன் இருக்கும் வரை, மன்னரே அழைத்தாலும் எழுந்து போவதில்லை. ஒருமுறை மன்னரே அழைத்தார், போகவில்லை.

அதனால்தான் மன்னர் நேரில் வந்தார். வாசலில் நின்றார். பட்டத்தரசி ஈரக்கல்லில் காலை நீட்டியிருக்க, பிணைப்பிள்ளை அவள் கால்மேல் கிடந்து நீரை அடித்துச் சிரிப்பதைக் கண்டார். பூதி சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள்.

மன்னர் சினக்கவில்லை. "உன்னை இப்படிப் பார்த்து வெகுகாலம் ஆகிவிட்டது" என்றார். "அவன் ஊரில் ஒரு மரம் இருக்கிறதாமே. தூதன் சொன்னான். வெட்டச் சொல்லி ஒரு வரி எழுது தேவி. பையன் உனக்கு. பிள்ளைகள் விஷயத்தில் உன் முத்திரைதான் செல்லும். நான் குறுக்கே வரமாட்டேன்."

இதைவிடப் பெரிய பரிசை மன்னர் அவளுக்குத் தந்ததில்லை. அன்பினால் தந்தார் என்பதையும் தேவி எழுதியாக வேண்டும்.

அவள் உடனே ஓலை எடுத்தாள். தங்களிடம் மறைப்பதற்கில்லை. எழுத்தாணியைக் கூர்பார்த்தபோது அவள் உள்ளத்தில் தங்கள் முகம் இல்லை. பெயர் சூட்டுவிழாவுக்கு என்ன நிறத்தில் பட்டு எடுப்பது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். ஆயினும் குளியல் வேளை வந்துவிட்டதால் ஓலையை வைத்துவிட்டு எழுந்தாள்.

அன்று செம்பால் மொண்டுகொண்டே சேந்தன் கேட்டான்: "அங்க யாரு ஊத்துறா?"

"உன் அம்மா."

"அம்மா குளிச்ச தண்ணியா?"

"ஆமாம்."

அவன் இன்னொரு செம்பு மொண்டான். "நான் வர்ற வரைக்கும் அம்மா நிறையக் குளிக்கணும். மரம் பெரிசாயிரும்ல."

பூதி சிரித்தாள். தேவியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே, தான் சொன்ன பதில் பொய்யல்ல என்று அவளுக்குத் தெரிந்தது. அவனைத் தேற்றச் சொன்னதுதான். ஆனால் தாங்கள் ஊற்றிக்கொண்டுதான் இருப்பீர்கள். பிள்ளையில்லாத முற்றத்தில், குளித்த நீரைச் சிந்தாமல் எடுத்துச் சென்று, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து அந்த வேரில் ஊற்றுவீர்கள். தேவி தங்கள் இடத்தில் இருந்தால் அதைத்தான் செய்வாள். ஆளில்லாத வீட்டில் செய்வதற்கு வேறு என்ன இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும்.

ஆகவே ஆணை இது. அந்தப் புன்னையை வெட்டலாகாது. அதன் கிளையை ஒடிக்கலாகாது. கல்வரையின் பெயரால் எவர் கோடரியோடு வந்தாலும் இவ்வோலையைக் காட்டி அவரைத் திருப்பி அனுப்புக. சேந்தன் உடன்படிக்கையின்படி பிணைக்காலம் முடியும் வரை இங்கு வளர்வான். முடிந்த அன்று தன் மரத்துக்குத் திரும்புவான். தேவி எல்லை வரை உடன் வருவாள். இடையில், மரம் எவ்வளவு உயரம் என்று அவன் நாள்தோறும் கேட்கிறான். ஓலை கொணர்பவனை மரத்தருகே நிறுத்தி, அவன் கைக்கோலில் உயரத்தைக் கீறி அனுப்பி வைக்க வேண்டும். ஆண்டுதோறும் அந்தத் தூதனே வருவான்.

மடியில் வைத்ததால் பிணை பிணையாக இல்லாமல் போயிற்று என்று முன்னோர் குறை சொன்னால், அதற்குத் தேவியே விடை சொல்லிக்கொள்வாள்.

மலை நிற்க, கடல் நிற்க, இரண்டுக்கும் நடுவே இச்சொல் நிற்க. இது கொன்றைநங்கைத் தேவி தன் கையால் எழுதி, தன் முத்திரை இட்டது.

முத்திரைக்குக் கீழே எழுதப்படுவது ஆணையன்று, ஒரு விண்ணப்பம். அவன் தேவியைத் தேவி என்று அழைப்பதில்லை. அம்மா என்று யாரும் அவனைச் சொல்லப் பழக்கவில்லை. பழக்கக் கூடாது என்று தேவி கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். அவன் தானாக ஒரு பெயர் வைத்திருக்கிறான். தண்ணியம்மா என்கிறான். தங்களுக்கு உரிய சொல்லின் ஒரு பாதி அதில் இருக்கிறது. தாங்கள் வேண்டாமென்றால் தேவி அதை நிறுத்திவிடுகிறாள். விடை வரும் வரை, அவன் அழைத்தால் திரும்பிப் பார்க்க இசைவு தருக.