மஞ்சள் பூசிய துண்டு நிலம்

அன்புள்ள நைனாவுக்கு ஸ்தோத்திரம். முட்டிவலி குறைந்ததா? திருப்பதியில் நான் சுகம்.

சின்ன ஊர்களையும் சேர்த்து எங்கள் ஆபீஸ் போடும் வளர்ச்சித் திட்ட வரைபடத்தில் நம் ராமகுப்பத்துக்கு நிறம் தீட்டியது நான்தான். ரெக்கார்டில் ‘காலி நிலம்’ என்றிருந்த ஒரு துண்டுக்கு வீட்டுமனையின் மஞ்சளைப் பூசிவிட்டேன். நேற்றுதான் கவனித்தேன், அது நம் சபையின் கல்லறைத் தோட்டம்.

பதறாதீர்கள். “ஊர்க்காரங்க எழுதிக் குடுத்தா மாத்திடலாம்மா” என்கிறார் மேலதிகாரி. ஆனால் வெள்ளிக்கிழமையே கடைசி நாள். ஞாயிறு ஆராதனைவரை காத்திருக்காமல் இன்றே மனு எழுதி வீடு வீடாகக் கையெழுத்து வாங்குங்கள்.

“மழ போவட்டும், கல்லு வச்சிக்கலாம்” என்றீர்களே, அங்கே அம்மாவின் கல்லறையில் ஒரு பலகையிலாவது பெயரெழுதி நட்டு, போட்டோ எடுத்து மனுவோடு வையுங்கள். எனக்கும் ஒன்று வேண்டும். குப்பம் பஸ் ஏறும் ஆசிர் அண்ணன் இந்தக் கடிதத்துக்காக நிற்கிறார்.

மேலிருந்து எடுத்த படத்தில் அங்கே வெறும் புல்தான், நைனா. பெற்ற மகளுக்கே அடையாளம் தெரியவில்லை.

அவசரத்தில்,
கேசியா