அப்பா முன்கூட்டியே முடித்துவிடும் வேலைகள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அங்கே நலமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே நான் நலம். அப்பாவுக்கு அந்த வார்த்தையைப் போடக் கை வரவில்லை, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

போன தடவை வந்தபோது, காசு வேண்டாம், எதையும் டவுன்லோட் பண்ணவும் வேண்டாம், பிரவுசரைத் திறந்தால் போதும் என்று கம்ப்யூட்டரில் சில பக்கங்களை வைத்துவிட்டுப் போனாயே, எல்லாம் குறையில்லாமல் ஓடுகின்றன. இருபத்தைந்து நிமிடம் வேலை, ஐந்து நிமிடம் ஓய்வு என்று மணியடிக்கும் பக்கத்தை அப்பா ஒரு நாளும் தவறவிடுவதில்லை. இருபத்தைந்து நிமிடம் நாற்காலியில் சும்மா இருக்கிறார், மணி அடித்ததும் கட்டிலுக்குப் போய் ஐந்து நிமிடம் களைப்பாறுகிறார். செய்தியை வாசித்துக் காட்டும் பக்கமும் அவருக்குப் பிடித்துவிட்டது. அதைக் கேட்டுக் கேட்டு, தனக்கு எழுத்து மங்கிக்கொண்டு வருவதை அவரும் சொல்லவில்லை, நானும் கவனிக்கவில்லை.

தப்பு நடந்தது, செய்ய வேண்டியதை ஏற்றி முடித்ததும் டிக் போடும் அந்தப் பட்டியல் பக்கத்தில். கண் அழுத்தத்துக்குச் சொட்டு மருந்து காலை, மாலை, மாதக் கடைசியில் கண் டாக்டர் என்று நீ ஏற்றிவைத்தாய். அவர் முப்பது வருஷம் இருந்த ஆபீஸின் வழக்கம் உனக்குத் தெரியாது. திங்கட்கிழமை காலையிலேயே வெள்ளிக்கிழமை வரைக்கும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் அங்கே டீ குடிக்கவே போவார்கள். அதே கையால் வாராவாரம் திங்கட்கிழமை ஏழு நாள் மருந்துக்கும் டிக் போட்டுவிட்டார். டாக்டருக்கும் சேர்த்துத்தான். கேட்டால், "எப்படியும் போடப்போறதுதானே, கடைசி நேரத்துல எதுக்கு அவசரம்"னு என்னையே கேட்கிறார். எட்டு மணிக்கு நூலகத்துக்குக் கிளம்பும் நானும் அந்தப் பச்சை டிக்கைப் பார்த்துத்தான் நிம்மதியாக இருந்தேன். நீயும் அங்கிருந்தே பட்டியலைப் பார்த்துத் தினமும் கைதட்டும் பொம்மை அனுப்பினாய், அப்புறம் எல்லாம்தான் தெரிகிறதே என்று போன் பண்ணுவதையும் குறைத்துக்கொண்டாய். உன்னைக் குறை சொல்லவில்லை. மூன்று பேரும் ஒரே பொய்யை ஆளுக்கொரு ஊரிலும் அறையிலும் இருந்து பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறோம்.

போன வாரம் அலமாரி துடைக்கும்போது மூன்று மருந்துப் பாட்டில் கிடைத்தது, மூன்றிலும் மூடி உடைக்கவில்லை. அவரைக் கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். இடது கண்ணில் போன பார்வை போனதுதானாம், வலது கண்ணிலும் ஆரம்பித்திருக்கிறதாம். உடனே சின்னதாக ஒரு ஆபரேஷன் செய்தால் இருப்பதையாவது காப்பாற்றலாம் என்றார் டாக்டரம்மா. உன் அப்பா அந்த அம்மாளிடமே, "பொழுது போயிட்டுத்தாம்மா இருக்கு, பேப்பரைக் கம்ப்யூட்டர் படிச்சுடுது"ன்னு சொன்னார். அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த எழுத்துப் பலகையைப் பார்த்தேன்.

ஆபரேஷனுக்கு ஒத்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினேன், மிரட்டினேன், இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன், அது அவருக்கு வசதியாகப் போயிற்று. பயம்தான், வேறொன்றுமில்லை. நேற்று டம்ளரை மேசையில் வைப்பதாக நினைத்து மேசைக்கு வெளியே வைத்தார். உடைந்ததைப் பார்த்துவிட்டு, "யாரு மேசையை நகர்த்தினது"ன்னு கேட்டார். யாரும் நகர்த்தவில்லை பாப்பா. நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

உன்னிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார், போனில் சொன்னால் காதில் விழும், அதனால் எழுதுகிறேன். அடுத்த வாரம் புதன்கிழமை சாயங்காலம் கூப்பிட்டு நீயே பேசு. அன்பாகப் பேசாதே, அதை அவர் சமாளித்துவிடுவார். அழுதாலும் சரி, திட்டினாலும் சரி. எனக்கு வேறு வழி தெரியவில்லை.

நீங்கள் மூவரும் நோய் நொடியில்லாமல் நீடூழி வாழ வேண்டும். குழந்தைக்கு என் முத்தம், மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். அவரைக் கேட்காமலே நாள் வாங்கிவிட்டேன், ஆபரேஷன் மறுநாள் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு. தயவுசெய்து அதைப் பட்டியலில் ஏற்றிவிடாதே, பார்த்தாரென்றால் முடித்துவிடுவார்.

இப்படிக்கு,
உன் அம்மா