ஏலத்தில் போன பூசணிக்காய்

நவம்பர், இரண்டாம் ஞாயிறு. இரவு.

இன்று சபையில் அறுப்பின் பண்டிகை. ஆராதனை முடிந்ததும் காணிக்கையாக வந்த காய்கறிகளை வழக்கம்போல நான்தான் ஏலம் விட்டேன். ஒரு பூசணிக்காய்க்கு ஆட்டோ ஓட்டும் தாசனும் இன்னொருவரும் போட்டி போட்டார்கள். நான் விடவில்லை. "ஆண்டவருக்குத்தானே, மாப்ள" என்று ஏற்றிக்கொண்டே போனேன். மூவாயிரத்துக்குத் தாசன் எடுத்தான். கையில் பணமில்லை, கிறிஸ்துமஸுக்குள் தருவதாகப் பெயர் எழுதிக் கொடுத்தான். எல்லோரும் கைதட்டினோம்.

வாசலில் அவன் மனைவி ஸ்டெல்லா நின்றாள். சபையில் நான் நடத்தும் குடும்ப வரவுசெலவு வகுப்புக்கு நோட்டோடு முதல் ஆளாக வருகிறவள்.

"கையில இல்லாத காசுக்கு எதையும் வாங்காதீங்கன்னு நீங்கதானண்ணே எழுத வச்சீங்க. டிசம்பர்ல பாப்பாவுக்கு பீஸ் கட்டணும்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

சாயங்காலம் அந்தப் பூசணிக்காயில் பாதியைக் கொடுத்தனுப்பியிருந்தாள். இம்புட்டையும் அவர்களால் தின்ன முடியாதாம். நாளைக்குக் கூட்டு வைப்பதாக என் மனைவி சொல்கிறாள்.

ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க் கூட்டு. எப்படி உள்ளே இறங்கும்.