மீனா நட்ட சம்பங்கிக் கிழங்கு

2004 ஜூலை 9, வெள்ளி

போலியோ ஒழிப்பு நிதிக்காக மீனாவின் பள்ளியில் இன்று பிள்ளைகள் ஆளுக்குப் பத்து ரூபாய் கட்டி சம்பங்கிக் கிழங்கு நட்டார்கள். நகமெல்லாம் மண்ணோடு வந்தாள்.

"டீச்சர் என்னைத்தான் முன்னாடி நிறுத்தி போட்டோ எடுத்தா. கால்ல நடக்க மாட்டியிருக்கற கம்பி தெரியணுமாம்."

நான் அவள் நகத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"சொட்டு மருந்து குடிச்சா வராதாமேம்மா. நான் பொறந்தப்போ அது இல்லியா?"

"சாப்பிட வா" என்றேன்.

இருந்தது. தெருமுனையிலேயே கொடுத்தார்கள். மாமனார் இறந்த நாலாம் நாள். எதிர்வீட்டு மாமி வந்து கூப்பிட்டாள். தீட்டோடு படி இறங்கமாட்டேன், அடுத்த தடவை கொடுத்துக்கொள்ளலாம் என்று நான்தான் சொன்னேன். அதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது.

இன்று விளக்கேற்றினேன். எதையும் வேண்டிக்கொள்ளவில்லை.

ஒரு கிழங்கை வீட்டுக்கும் கொண்டுவந்திருக்கிறாள். நாளை வாசல்படியோரம் நாங்கள் இருவரும் நட வேண்டுமாம். சரி என்று சொல்லியிருக்கிறேன்.